பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய புது லேப்டாப் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து உங்கப்பா மடியில் வைத்தேன். இடது கையால் தடவிப் பார்த்தார், மூடியைத் திறந்தார், மூடினார், என்னிடமே திருப்பி நீட்டிவிட்டார். மறுநாள் நீ போனில், அந்தப் பழைய டப்பாவை எடைக்குப் போட்டுவிடு, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் என்றாய். நான் சரி என்றேன். உன்னிடம் எதற்கும் சரி என்று சொல்லிப் பழகிவிட்டது. பெங்களூரில் இருந்து நீ ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் கூப்பிடுகிறாய், அந்த நேரத்தில் மறுத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அதை நான் எடைக்குப் போடவில்லை. போடவும் மாட்டேன். ஏன் என்று சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும், ஓரமாக உட்கார்ந்து படி.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி இணையத்திலும் போடச் சொல்லப் போகிறேன். நம் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் விழித்துக்கொண்டு ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு விஷயம் உபயோகப்படட்டும். பத்தாவது படித்துவிட்டு சத்துணவு அமைப்பாளராக அரிசியும் பருப்பும் அளந்துகொண்டிருந்தவள் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாளா என்று சிரிக்காதே. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற நீ எனக்குச் சொல்லித்தந்தது ஒரே ஒரு வார்த்தைதான், "ஃபார்மட் பண்ணு". மீதியெல்லாம் நானே முட்டி மோதித் தெரிந்துகொண்டது.

அந்த லேப்டாப் நீ பன்னிரண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. காலேஜ் முழுக்க அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தாய். வேலை கிடைத்ததும் கம்பெனியில் புதுசு கொடுத்தார்கள் என்று இதை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான் எடுத்துத் திறந்தால் ஒரு உலை கொதிக்கிற நேரம் ஆகும், திரையில் படம் வர. உன்னைக் கேட்டதற்கு அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னாய். அப்படியென்றால் என்ன என்று கேட்பதற்குள் மீட்டிங் வந்துவிட்டது. கும்பகோணத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னமோ ஏற்றி, இதெல்லாம் விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாதும்மா, நான் சும்மாவே போட்டிருக்கேன் என்று பெருமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் சொருகினால், உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் வாலில் ஒரு சின்ன அம்புக்குறியோடு நின்றது. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. உன் சின்ன வயசுப் போட்டோ, நாம் திருக்கடையூரில் எடுத்த போட்டோ, அப்பா மேடை மேடையாக நின்று பேசிய போட்டோ எல்லாம் போயே போச்சு என்று உட்கார்ந்து அழுதேன்.

மலர்விழியை எனக்குத் தெரிந்தது அப்போதுதான். நம் ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிற பெண். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும், ஆனால் வேலை தெரிந்தவள். கள்ளத்தனமாக ஏற்றின மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வந்திருக்கிறது, அது ஃபைலை அழிக்கவில்லை, மறைத்துவிட்டுப் பொய்யாக ஒரு குறியை வைத்திருக்கிறது என்று சொல்லி அத்தனையையும் வெளியே எடுத்துக் கொடுத்தாள். கூடவே திட்டும் கொடுத்தாள். போட்டோவை ஒரே பென் டிரைவில் வைத்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லக்கூடாதாம். வீட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று, இணையத்தில் ஒன்று என்று வைக்க வேண்டுமாம். நீயும் உன் பிள்ளைகுட்டிகளோடு எடுக்கப்போகிற போட்டோவையெல்லாம் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதே. போன் தண்ணீரில் விழுந்த பிறகு என்னிடம் வந்து நிற்காதே.

பிறகு அவள்தான் அந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினாள். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காசில்லாமல் கிடைப்பது வேறு, கட்டற்றதாகக் கிடைப்பது வேறு என்று சொன்னாள். காசில்லாமல் கிடைத்ததை அவர்கள் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம். கட்டற்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் லிப்ரே ஆபீஸ், படம் பார்க்க வி.எல்.சி., எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. கிழட்டு லேப்டாப் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஊரில் யாராவது கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, வேறு வாங்கப் போகிறேன் என்றால் முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று திரையில் சிவப்பாக வந்தால் பயந்துபோய்க் கூப்பிடாதீர்கள். ஆபத்தே அந்த எண்ணில்தான் இருக்கிறது. மின்னல் வெட்டினால் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் கண்ணாடியை மாற்றுவதற்கு முன்னால் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போவதற்கு முன்னால். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீயும் வந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாய். பக்கவாதத்தில் வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. நினைவில் ஒரு குறையும் இல்லை, நாக்குக்குத்தான் சொன்னபடி கேட்கத் தெரியவில்லை என்றார் டாக்டர். தம்பி, நாற்பது வருஷத்துக்கு மேல் மேடையில் பேசின மனுஷன். சோடாவுக்கும் சால்வைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். கூலி உயர்வுக்குப் பேசினார், குத்தகைக்குப் பேசினார், தேர்தலுக்குப் பேசினார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தும் வாயை மூட மாட்டார், கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது சும்மாதான் இருக்கிறார். அவருடைய பேச்சை யாருமே டேப்பிலோ போனிலோ பிடித்துவைக்கவில்லை. போட்டோக்கள்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கையை உயர்த்தி, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நீ பெங்களூர் திரும்பிய பிறகு ஒருநாள் இதை மலர்விழியிடம் சொல்லிப் புலம்பினேன். பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறது, அதுவும் கட்டற்றதுதான், தமிழும் வாசிக்கும் என்றாள். ஏற்றிக் கொடுத்தாள். கீபோர்டு சாவிகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். இடது கை ஒற்றை விரலால் தேடித் தேடிக் காபி என்று தட்டினார். லேப்டாப் "காபி" என்றது. அந்தக் குரலை நீ சரியாகக் கேட்டதில்லை. தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நான் உள்ளே போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போட்டேன்.

அதற்குப் பிறகு வீடு பழையபடி சத்தமாகிவிட்டது. ஃபேனைப் போடு, ஃபேனை நிறுத்து, மோரில் உப்பில்லை, டிவியில் அவன் பொய் சொல்கிறான். முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு என் பெயரைத் தட்டுவார், தெருவே திரும்பிப் பார்க்கும். பக்கத்து வீட்டம்மா வந்து, யாரு விருந்தாளி வந்துருக்காங்க, குரலே ஒரு மாதிரியா இருக்கே என்று கேட்டார்கள். நான் என் வீட்டுக்காரர்தான் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, அந்தக் குரலை நான் அவருடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் சாலைக்கு நிலம் எடுக்கிற நோட்டீஸ் வந்தது. புறவழிச்சாலை நம் மூன்று மா நிலத்தையும் ஒட்டுமொத்தமாக விழுங்கிக்கொண்டு போகிறது. நீ அந்த வயலில் கால் வைத்து ரொம்ப நாளாகிறது, அதனால் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். உன் தாத்தா மிராசு பண்ணையில் ஆளாக இருந்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது தாசில்தார் கையால் பட்டா வாங்கினார். அப்பா அன்றைக்குப் பக்கத்தில் நின்ற பையன். பட்டா கொடுத்த அந்தப் பந்தலில் யாரோ பேசிய பேச்சைக் கேட்டுத்தான் தனக்கும் பேச ஆசை வந்தது என்று பிற்பாடு சொல்வார். கொடுத்தது எந்த ஆட்சி, எடுப்பது எந்த ஆட்சி என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்து, இரண்டுமே நம்ம ஆட்சிதான்யா, அதுதான் வலிக்குது என்று சொல்லியிருப்பார், பேச முடிந்திருந்தால். லேப்டாப்பில் அவர் தட்டியது ஒரே வரிதான். "நான் பேச வேண்டும்."

ஆட்சேபம் இருப்பவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். உன்னை வரச் சொல்லிக் கேட்டேன். கம்பெனியில் ரிலீஸ் நேரம், நகர முடியாது என்றாய். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ வந்திருந்தாலும் சாலை நகர்ந்திருக்காது. ஆனால் லேப்டாப்பை யாராவது இன்னொரு ஆள் பார்த்திருப்பார்கள்.

பேச்சை அப்பா இடது கையால் தாளில் எழுதினார். கோணல் மாணலான எழுத்து, பக்கம் பக்கமாக. அத்தனையையும் ஒற்றை விரலால் தட்ட அவரால் முடியாது என்று, கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கிற கடையில் கொடுத்தேன். அவர்கள் அழகாக டைப் அடித்து, ஒரு பிரதி தாளிலும் ஒரு பிரதி பென் டிரைவிலும் கொடுத்தார்கள். வீட்டில் வந்து திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடந்தது. கடைக்குப் போன் செய்தேன். "எங்க ஃபான்ட் உங்ககிட்ட இருக்காதும்மா, அதையும் பென் டிரைவ்லயே போட்டிருக்கேன், அதை ஏத்திக்குங்க" என்றார்கள். ஏற்றினேன். யாரையும் கேட்காமல் நானே ஏற்றினேன் தம்பி, உன்னையும் கேட்கவில்லை, மலர்விழியையும் கேட்கவில்லை. எழுத்தெல்லாம் தமிழாக மாறிப் பளிச்சென்று நின்றது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருதரம் வாசிக்கவிட்டுக் கேட்போம் என்றேன். அப்பா லேப்டாப்பை மூடிவிட்டார். அவருடைய வழக்கம் உனக்குத் தெரியுமோ என்னவோ, மேடையேறுவதற்கு முன்னால் பேச்சில் ஒரு வார்த்தை வெளியே வரக்கூடாது. வீட்டில் பேசிப் பார்த்த பேச்சு மேடையில் ஆறிப்போய்விடும் என்பார். கண்ணாடி முன்னால் நின்றுகூட ஒத்திகை பார்த்ததில்லை. இவர் மட்டுமில்லை, அந்தக் காலத்துப் பேச்சாளர்கள் பல பேர் அப்படித்தான். சத்தம் சரியாக வருகிறதா என்றாவது பார்க்க வேண்டாமா என்று கெஞ்சியதற்குப் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, மைக் டெஸ்டிங் என்று தட்டினார். மைக் டெஸ்டிங் என்றது லேப்டாப். போதுமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். தாளில் இருந்த பிரதியை வாசலில் மேசை போட்டிருந்தவர்களிடமே கொடுத்துவிட்டோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முதல் வரியை அங்கேயே தட்டிச் சேர்த்தார். எப்போதும் அப்படித்தானே, ஆளைப் பார்த்துத்தான் அழைப்பார். அவர் முறை வந்தது. எழுந்து நின்றார். இடது கையில் மைக்கை வாங்கி லேப்டாப்புக்கு நேராகப் பிடித்தார். நான் சாவியைத் தட்டினேன். "மதிப்புக்குரிய அதிகாரிகளே, என் ஊர்ச் சனங்களே" என்றது குரல். மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பழைய கூட்டங்களில் அவர் வாயெடுத்ததும் இப்படித்தான் அடங்கும்.

அடுத்த வரியில் இருந்து அது உளற ஆரம்பித்தது. எந்த மொழியிலும் இல்லாத சத்தம். எஃப், எச், டபிள்யூ என்று ஆங்கில எழுத்தைச் சொல்கிறது, நடுவில் வாய்க்குள் எதையோ போட்டு மெல்லுகிற மாதிரி இழுக்கிறது, மறுபடியும் எழுத்து. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று. நான் கையில் பட்ட சாவியையெல்லாம் தட்டுகிறேன், நிற்கவில்லை. மூடியை மூடினேன், மூடின பிறகும் உள்ளே இருந்து கொஞ்சநேரம் உளறிவிட்டுத்தான் நின்றது. அப்பா மைக்கை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. புது இடத்தில் வழி தவறிய குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்தார். தாளைக் கொடுங்க சார், நான் வாசிக்கிறேன் என்று அதிகாரியைக் கேட்டேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "எழுத்துல குடுத்துட்டீங்கல்லம்மா, அது ஃபைலோட போயிடும். பெரியவர உக்காரச் சொல்லுங்க" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கை வாங்க வந்தவர், அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

மறுநாள் மலர்விழி பார்த்துச் சொன்னாள். அந்தக் கடையில் அடித்தது பழைய முறை எழுத்து. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து, ஃபான்ட் என்பது மேலே மாட்டிய தமிழ்ச் சட்டை. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ். முதல் வரி அப்பா தட்டியது யூனிகோடு, உள்ளேயும் தமிழாகவே இருக்கிற முறை, அதனால் ஒழுங்காக வாசித்தது. தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது, எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் நிஜத் தமிழ், ஆங்கிலமாகச் சிதறினால் சட்டை. சட்டை என்றால் பயப்பட வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றித் தருகிற நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பெட்டியில் ஒட்டி, எந்த ஃபான்ட் என்று சொன்னால், இன்னொரு பெட்டியில் வந்துவிடுகிறது. மலர்விழி என் கண் முன்னாலேயே அப்பாவின் பேச்சு முழுவதையும் மாற்றிக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் சின்ன வேலையை ஒருநாள் முன்னால் செய்திருக்கலாமே என்று நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

மாற்றின பேச்சை நான் படித்தேன். உனக்காக ஒரு இடத்தை எழுதுகிறேன். "வரப்பில் நின்று கூலி கேட்டவன் மகன் நான். வரப்பை என் வரப்பு என்று சொல்லும் உரிமையை இதே அரசு மேடைதான் என் தகப்பனுக்குக் கொடுத்தது. சாலையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கிழக்கே தரிசு கிடக்கிறது, அதன் வழியாகப் போக முடியுமா என்று ஒருவராவது நடந்து பார்த்தீர்களா என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்." நல்ல கேள்விதானே தம்பி. இதற்கு அவர்களிடம் பதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும். ஃபைலோடு போன தாளை யாராவது படித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாய்தாவுக்குப் போனேன், முடிஞ்சுபோச்சும்மா என்றார்கள். குறுவை அறுத்த கையோடு வயலில் கல் நட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த கல். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் என் காலில் இருந்த சேற்றைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

மண்டபத்துக் கூட்டம் நடந்த அன்று ராத்திரி நீ போனில், ஒருதரம் டெஸ்ட் பண்ணிப் பாத்துருக்கலாம்ல என்று என்னைக் கேட்டாய். பார்த்திருக்கலாம்தான். நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதன் பிறகு நீ வேறு எதையும் கேட்கவில்லை, புது லேப்டாப் அனுப்புகிறேன், அதில் குரல் நிஜ மனுஷன் மாதிரியே இருக்கும் என்றாய். அனுப்பினாய். உன் பாசம் எனக்குத் தெரியும். பெட்டி வந்த அன்றைக்கே மூடியைத் திறந்து அந்தக் குரலையும் கேட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் இருக்கிறது, டிவியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி. அப்பாவுக்கு யாரோ வேற்று ஆள் வீட்டுக்குள் வந்து தன் பேரைச் சொல்லிப் பேசுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். அதனால்தான் திருப்பி நீட்டிவிட்டார். பழையதையும் அவர் தொடவில்லை. மண்டபத்தில் இருந்து வந்த பிறகு வாரக்கணக்கில் அது மேசைமேல் மூடியே கிடந்தது. காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். வீடு மறுபடி ஊமையாகிவிட்டது. நான் என்ன செய்வேன் சொல், மன்னிப்புக் கேட்டால் கையை அசைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தபோது சாவி தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். ரொம்ப நேரம் தட்டினார். சத்தம் நின்றதும் கதவோரமாக எட்டிப் பார்த்தேன், போனை எடுத்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய பழைய எண் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டதால் புதுசாக ஒரு சிம் போட்டுக் கொடுத்திருந்தேன், அது உன்னிடம் இல்லை. உனக்குத்தான் போட்டார். மணி அடித்தது, நீ எடுத்தாய், ஸ்பீக்கரில் "ஹலோ" என்றாய். அப்பா சாவியைத் தட்டினார். அவருக்கு எந்தப் பேச்சையும் வணக்கம் இல்லாமல் தொடங்கத் தெரியாது. "வணக்கம்" என்றது அந்தக் குரல்.

நீ முழுசாகக் கேட்கவில்லை. "எனக்கு லோன் எதுவும் வேணாங்க. இந்த நம்பருக்கு இனிமே கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போன் அணைந்த பிறகும் லேப்டாப் தன்பாட்டுக்கு மீதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. "தம்பி, அப்பா பேசுகிறேன். சாப்பிட்டாயா? நிலத்தைப் பற்றி நீ வருத்தப்படாதே." நான் கதவோரமாக நின்று கேட்டேன்.

அவர் அழவில்லை. மறுபடி தட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அந்தக் குரல் என்னிடம் சொன்னது. "பரவாயில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறான்."

இதை உன்னிடம் போனில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த தடவை வணக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன், மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அதனால் உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்த எண் உன் போனில் இன்னும் இருக்கும். எடுத்து அப்பா என்று பதிந்துவை. மறுபடி அந்தக் குரல் வந்தால் வைத்துவிடாதே. நீ ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது, போன் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. ஒரு விரலால் தட்டி முடிக்க நேரமாகும். அதுவரைக்கும் பிடித்துக்கொண்டிரு.

அம்மா